கடலூர்ப் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி மாற்றம்

கடலூர்ப் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி மாற்றம் என்பது, 1690 இல் தேவனாம்பட்டினத்தில் ஒரு சிறு கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கில வணிக நிறுவனம், 1801 இல் கடலூர், சிதம்பரம் உள்ளிட்ட கர்நாடகப் பகுதி முழுவதற்கும் நேரடி ஆட்சியாளராக மாறிய நூற்றுப் பதினோரு ஆண்டு நிகழ்வுகளைக் குறிக்கும். இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நாட்டின் சட்டப்படியான ஆட்சியாளர் ஆற்காட்டு நவாபே என்று கூறப்பட்டு வந்தது. படையும் வரி வருவாயும் சிறிது சிறிதாகக் கம்பெனியின் கைக்குச் சென்ற பின்னரும், பழைய பட்டங்களும் அரசவைச் சடங்குகளும் மாற்றமின்றித் தொடர்ந்தன.

ஆட்சியின் உள்ளடக்கம் மாறிய பிறகும் அதன் பழைய பெயர் நிலைத்திருப்பது உலக வரலாற்றில் பலமுறை நிகழ்ந்துள்ளது. பண்டைய உரோமையில் குடியரசு பேரரசாக மாறியது இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தமிழகத்தில் இத்தகைய மாற்றத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ந்து காணத்தக்க இடங்களுள் கடலூர் முதன்மையானது.

உரோமை: ஒப்பீட்டுக்கான பின்னணி

உரோமைக் குடியரசில் செனட் அவையும், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு கான்சல்களும் ஆட்சியை நடத்தினர். நாடு விரிவடைந்தபோது போர்கள் நீண்டன. வீரர்கள் தங்கள் ஊதியத்திற்கும் ஓய்வுக்குப் பின் கிடைக்கும் நிலத்திற்கும் அவையைக் காட்டிலும் தங்கள் தளபதிகளையே நம்பத் தொடங்கினர். கி. மு. 49 இல் யூலியசு சீசர் தம் படையுடன் ரூபிக்கன் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கினார், கி. மு. 44 இல் கொல்லப்பட்டார். அவருடைய வளர்ப்பு மகன் ஒக்டேவியன் கி. மு. 31 இல் அக்டியம் போரில் வென்று, கி. மு. 27 இல் அகஸ்டசு என்னும் பட்டத்தைப் பெற்றார்.

அகஸ்டசு குடியரசை ஒழித்துவிட்டதாக அறிவிக்கவில்லை. மாறாக அதனை மீட்டளித்ததாகவே கூறினார். செனட் தொடர்ந்து கூடியது. கான்சல்களும் தொடர்ந்து பதவியேற்றனர். ஆயினும் படைகளில் பெரும்பகுதியும் அவை தங்கியிருந்த மாகாணங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. பழைய அமைப்புகளின் தோற்றம் அப்படியே இருக்க, முடிவெடுக்கும் வலிமை ஒருவரிடம் சேர்ந்தது.

கம்பெனியின் அமைப்பு

கிழக்கிந்தியக் கம்பெனி 1600 ஆம் ஆண்டு திசம்பர் 31 அன்று இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியிடம் பட்டயம் பெற்றது. அதன் உரிமையாளர்கள் பங்குதாரர்களே. பதினெட்டாம் நூற்றாண்டில் 500 பவுன் மதிப்புள்ள பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு வாக்கு உண்டு. 1773 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தத் தகுதியை 1,000 பவுனாக உயர்த்தியது. நிறுவனத்தை நடத்த 24 இயக்குநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

தன் பங்குதாரர்களைப் பொறுத்தவரை கம்பெனி விவாதமும் வாக்கெடுப்பும் கணக்குத் தணிக்கையும் கொண்ட ஓர் அமைப்பாக இருந்தது. அதனால் பின்னாளில் ஆளப்பட்ட கடலூர் நெசவாளருக்கோ சிதம்பரத்து உழவருக்கோ அந்த வாக்கெடுப்பில் இடமில்லை. கம்பெனியின் ஆட்சியைப் புரிந்துகொள்வதற்கு இந்த வேறுபாடு இன்றியமையாதது.

தேவனாம்பட்டினம் கோட்டை (1690)

1677 இல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து கடலூர்ப் பகுதி மராட்டியர் ஆட்சியின் கீழ் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வணிகம் செய்யக் கம்பெனி இசைவு பெற்றது. இப்பகுதியின் பருத்தித் துணிகளே கம்பெனியை இங்கு ஈர்த்தன. 1689 இன் இறுதியில் சிவாஜியின் மகன் இராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பிச் செஞ்சிக்கு வந்தார். முகலாயப் படைகள் செஞ்சியை முற்றுகையிட்டிருந்த நிலையில் மராட்டியருக்குப் பணம் தேவைப்பட்டது. 1690 இல் அவர்கள் கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்தருகே இருந்த தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனிக்கு விற்றனர். அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிடப்பட்டது.

கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரை உள்ள நிலமும் இவ்விற்பனையில் அடங்கும். அதன்படி கோட்டையிலிருந்து பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டு, குண்டுகள் விழுந்த இடங்கள் எல்லையாகக் கொள்ளப்பட்டன. கடலூர் நகரும் இந்த எல்லைக்குள் அடங்கியது. இவ்வாறு கம்பெனிக்குச் சென்ற ஊர்கள் பிற்காலத்தில் 'குண்டு கிராமங்கள்' என அழைக்கப்பட்டன.

இந்நிலையில் கம்பெனி தன்னை அரசாகக் கருதவில்லை. விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் வரி வசூலித்து, துணிக் கொள்முதலைப் பாதுகாப்பதே அதன் நோக்கம். எனினும் அந்த நிலத்திற்குள் வழக்குகளைத் தீர்ப்பதும் காவல் நடத்துவதும் அதன் பொறுப்பாயின. ஆட்சியின் முதல் வடிவம் ஒரு விற்பனைப் பத்திரத்தின் மூலம் வந்தது.

பாதுகாக்கப்பட்டவர் பாதுகாவலராதல் (1746–1752)

1698 இல் செஞ்சி முகலாயர் வசமானது. அதன்பின் இப்பகுதி ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்குள் வந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நவாபின் நாட்டில் இசைவு பெற்று வாழும் வணிகர்களாகவே கருதப்பட்டனர்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. 1752 வரை அங்கேயே இருந்தது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இக்கோட்டைக்கு வந்தவர்களுள் அப்போது எழுத்தராக இருந்த இராபர்ட் கிளைவும் ஒருவர்.

தம் நாட்டில் அயலார் போரிடுவதைத் தடுக்க நவாப் அன்வருதீன் படை அனுப்பினார். அப்படை அடையாற்றங்கரையில் எண்ணிக்கையில் மிகச் சிறிய பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. பயிற்சி பெற்ற காலாட்படையின் தொடர் துப்பாக்கிச் சூட்டிற்கு முன் பெரிய குதிரைப்படையும் நிற்க இயலாது என்பது இதனால் வெளிப்பட்டது. அதே ஆண்டு திசம்பரில் பிரெஞ்சுக்காரர் புனித டேவிட் கோட்டையைத் தாக்க வந்தபோது, நவாபின் படைகள் வந்து அவர்களைப் பின்வாங்கச் செய்தன. அதாவது 1746 இல் கம்பெனியைக் காத்தவர் நவாபே. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இந்த உறவு தலைகீழானது.

1748 சனவரியில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் புனித டேவிட் கோட்டைக்கு வந்து, சிதறிக் கிடந்த காவல் வீரர்களை ஒழுங்கான படையாக மாற்றினார். உள்நாட்டு வீரர்களான சிப்பாய்களும் இப்படையில் பயிற்றுவிக்கப்பட்டனர். ஐரோப்பாவில் ஏற்பட்ட எக்ஸ் லா சப்பேல் உடன்படிக்கையின்படி சென்னை 1749 இல் கம்பெனிக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் சேர்க்கப்பட்ட படை கலைக்கப்படவில்லை. போரற்ற காலத்தில் ஒரு படைக்கு ஊதியம் அளிப்பது வணிக நிறுவனத்திற்குச் சுமையாகும். பிறருடைய பகைகளில் அப்படையை ஈடுபடுத்திச் செலவையும் நிலத்தையும் பெறுவது அதற்கு ஒரு தீர்வாகத் தோன்றியது.

தேவிக்கோட்டைப் படையெடுப்பு

1749 இல் தஞ்சை மராட்டிய அரியணைக்கு உரிமை கோரிய சாகுஜி, புனித டேவிட் கோட்டைக்கு வந்து உதவி கேட்டார். கைம்மாறாகக் கொள்ளிட முகத்துவாரத்தில் உள்ள தேவிக்கோட்டையைத் தருவதாகக் கூறினார். கடலூரிலிருந்து தெற்கு நோக்கிச் சென்ற முதல் படை வெற்றியின்றித் திரும்பியது. அவ்வாண்டு ஏப்பிரலில் வீசிய பெரும் புயலில் 'நாமூர்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலும் இக்கரையருகே மூழ்கியது. பின்னர் லாரன்ஸ் தலைமையில் கடல் வழியாகச் சென்ற படை தேவிக்கோட்டையைக் கைப்பற்றியது.

கோட்டை கிடைத்தவுடன் கம்பெனி, எதிர்த்தரப்பினரான தஞ்சை மன்னர் பிரதாபசிங்குடன் உடன்பாடு செய்துகொண்டது. தேவிக்கோட்டையைக் கம்பெனியே வைத்துக்கொள்ள மன்னர் இசைந்தார். சாகுஜிக்கு ஓர் உதவித்தொகை மட்டும் ஏற்பாடாயிற்று. தென்னிந்திய அரசு ஒன்றின் வாரிசுரிமைச் சிக்கலில் கம்பெனி படையுடன் தலையிட்ட முதல் நிகழ்வாக இது கருதப்படுகிறது.

1749 ஆகத்து 3 அன்று ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே சந்தா சாகிபை நவாபாக ஆதரித்தார். கம்பெனி அன்வருதீனின் மகன் முகம்மது அலியை ஆதரித்தது. 1752 இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டதும் முகம்மது அலியின் நிலை வலுப்பெற்றது. இக்காலத்துப் புதுச்சேரி நிகழ்வுகளை ஆனந்தரங்கப் பிள்ளை தம் தமிழ் நாட்குறிப்பில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

போர்க்களமான சிதம்பரம்

உயர்ந்த மதில்களைக் கொண்ட சிதம்பரம் நடராசர் கோயில் இப்போர்களில் கோட்டையாகப் பயன்படுத்தப்பட்டது. 1753 இல் அது பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760 இல் ஆங்கிலேயரிடம் வந்தது. இதற்கிடையே 1758 சூன் 2 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றி அதன் அரண்களை இடித்தார். 1760 சனவரியில் வந்தவாசிப் போரில் லாலி தோற்ற பின் கடலூர் மீண்டும் கம்பெனியிடம் வந்தது. இடிந்த கோட்டை பழைய நிலையை அடையவில்லை.

இரண்டாம் மைசூர்ப் போரில் இப்பகுதி மீண்டும் அழிவைச் சந்தித்தது. 1780 இல் ஐதர் அலி கர்நாடகத்தின் மீது படையெடுத்தார். 1781 சூன் 18 அன்று ஐதரின் வீரர்கள் காவலிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் பின்வாங்க நேரிட்டது. சூலை 1 அன்று பரங்கிப்பேட்டையருகே நடந்த போரில் அவர் ஏறத்தாழ 8,000 வீரர்களுடன் ஐதரின் பெரும்படையை வென்றார். 1782 ஏப்பிரலில் பிரெஞ்சுக்காரர் கடலூரைக் கைப்பற்றினர். 1783 சூனில் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது, ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்து போர் நின்றது. 1785 இல் கடலூர் கம்பெனிக்குத் திருப்பி அளிக்கப்பட்டது.

கோயிலையும் வயலையும் நெசவுத் தறியையும் இழந்த மக்களுக்கு, போரிட்ட தரப்பினருள் எவரிடமும் முறையிட வழியிருக்கவில்லை. நவாபிடம் பட்டம் இருந்தது, படை இல்லை. கம்பெனியிடம் படை இருந்தது, குடிகளைக் காக்கும் கடமை தன்னுடையதென்று அது ஏற்கவில்லை.

கடனும் வருவாயும்

1763 ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை முகம்மது அலியைக் கர்நாடக நவாபாக ஏற்றது. 1765 இல் முகலாயப் பேரரசரின் ஆணை ஒன்று அவரை ஐதராபாத் நிசாமின் மேலாண்மையிலிருந்து விடுவித்தது. தோற்றத்தில் நவாபின் மதிப்பு உயர்ந்துகொண்டே சென்றது. நடைமுறையில் ஆட்சி கைமாறியது பின்வரும் படிகளில் நடைபெற்றது:

1. நவாபின் பாதுகாப்பிற்காகக் கம்பெனி படை வைத்தது. அதன் செலவு நவாபின் கணக்கில் எழுதப்பட்டது.
2. நவாபால் அத்தொகையை உரிய காலத்தில் செலுத்த இயலவில்லை. அவர் ஆங்கிலேயத் தனியாரிடமும், கம்பெனியின் ஊழியர்களிடமும்கூட உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கினார்.
3. கடனுக்கு ஈடாக வரி வருவாய் அடகு வைக்கப்பட்டது. கடன் கொடுத்தவர்களின் நலனுக்கேற்ப வரி வசூல் கடுமையாயிற்று.
4. 1781 திசம்பர் 2 அன்று, போர்ச் செலவிற்காகக் கர்நாடகத்தின் வருவாய் முழுவதும் ஐந்தாண்டுகளுக்குக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த ஏற்பாடு 1785 இல் நீக்கப்பட்டாலும், 1790 இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது மீண்டும் வந்தது.
5. 1792 ஆம் ஆண்டு உடன்படிக்கை, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் பணியைக் கம்பெனிக்கு அளித்தது.

இக்கடன்கள் இங்கிலாந்து நாடாளுமன்றத்திலும் விவாதிக்கப்பட்டன. 1785 பெப்ரவரியில் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட உரையாற்றி, பால் பென்பீல்டு முதலிய கடன்காரர்களைக் கடுமையாகச் சாடினார்.

1801 உடன்படிக்கை

முகம்மது அலி 1795 இல் இறந்தார். அவருடைய மகன் உம்தத்துல் உமரா நவாபானார். 1799 இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது அங்கு கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாப்கள் திப்பு சுல்தானுடன் மறைமுகத் தொடர்பு வைத்திருந்ததாகக் கம்பெனி குற்றம் சாட்டியது. 1801 சூலையில் உம்தத்துல் உமரா இறந்ததும், ஆட்சிப் பொறுப்பை விட்டுக்கொடுக்குமாறு அவருடைய மகன் அலி உசைனிடம் கேட்கப்பட்டது. அவர் மறுத்தார். நிபந்தனைகளை ஏற்றுக்கொண்ட அசீமுத் தௌலா நவாபாக்கப்பட்டார்.

1801 சூலை 31 ஆம் நாள் உடன்படிக்கையின்படி கர்நாடகத்தின் குடியியல், படைத்துறை ஆட்சி முழுவதும் கம்பெனியைச் சேர்ந்தது. நவாபிற்குப் பட்டமும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் எட்வர்டு கிளைவ். இவருடைய தந்தை இராபர்ட் கிளைவ் 1756 இல் புனித டேவிட் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அவ்வாண்டே தென்னாற்காடு மாவட்டம் உருவாக்கப்பட்டது. கடலூர் அதன் தலைமையிடமாயிற்று. நவாபின் அதிகாரிகள் இருந்த இடத்தில் மாவட்ட ஆட்சியர் அமர்ந்தார்.

ஒற்றுமைகளும் வேறுபாடுகளும்

உரோமையிலும் கர்நாடகத்திலும் படைக்கு ஊதியம் அளிப்பவரிடமே ஆட்சி சென்று சேர்ந்தது. இரண்டிலும் நெருக்கடிக்காகத் தற்காலிகமாக அளிக்கப்பட்ட அதிகாரம் நிலையானதாயிற்று. இரண்டிலும் பழைய பெயர்களைப் பேணுவது புதிய ஆட்சியாளருக்குப் பயன்பட்டது. மக்களும் உயர்குடியினரும் பழக்கப்பட்ட பெயரை எதிர்ப்பதற்குக் காரணம் குறைவு.

வேறுபாடுகளும் உள்ளன. உரோமையில் தம் குடியரசைத் தாமே இழந்தவர்கள் உரோமையரே. கர்நாடகத்தில் முன்பிருந்தது மன்னராட்சி. அதன் இடத்தில் அமர்ந்தது கடல் கடந்த ஒரு பங்கு நிறுவனம். மேலும், உரோமையில் அகஸ்டசு தம் வாழ்நாளிலேயே மாற்றத்தை நிறைவு செய்தார். கர்நாடகத்தில் எந்த ஒரு தனிமனிதரும் முழு மாற்றத்தையும் திட்டமிடவில்லை; ஒவ்வொரு உடன்படிக்கையும் அவ்வப்போதைய கணக்குச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே எழுதப்பட்டது.

பழைய பெயரின் நிழலில் ஆட்சி நடந்ததால் விளைந்த முதன்மையான கேடு, பொறுப்பேற்பவர் இல்லாமற் போனதே. வரிக் கொடுமைக்கு நவாபைக் கம்பெனியும், கம்பெனியை நவாபும் காரணம் காட்ட இயன்றது. ஆட்சியாளர் யார் என்று தெளிவாகத் தெரியாத காலமே குடிகளுக்கு மிகக் கடினமான காலமாக இருந்தது.

பிற்கால நிகழ்வுகள்

கம்பெனியும் பின்னர் இதே வழியில் தன் அதிகாரத்தை இழந்தது. 1773, 1784 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அதனை இங்கிலாந்து அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தன. 1813 இல் இந்திய வணிகத்தில் அதன் தனியுரிமை நீங்கியது. 1833 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அது வணிகம் செய்வதை நிறுத்தியது. வணிகம் செய்யாத வணிக நிறுவனம், 'கம்பெனி' என்ற பெயரிலேயே மேலும் கால் நூற்றாண்டு நாட்டை ஆண்டது. 1855 இல் கடைசி நவாப் குலாம் கவுசு கான் வாரிசின்றி இறந்தபோது நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டது. அவர் குடும்பத்தினருக்குப் பின்னர் ஆற்காட்டு இளவரசர் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. 1858 இல் ஆட்சி நேரடியாக அரசி விக்டோரியாவிடம் சென்றது. 1877 சனவரி 1 அன்று அவர் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். பேரரசு என்ற பெயர், பேரரசு உண்மையில் உருவாகிப் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது.

தென்னாற்காடு மாவட்டம் 1993 இல் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. தேவனாம்பட்டினம் அருகே புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. கடலூரில் இம்பீரியல் சாலை, லாரன்ஸ் சாலை ஆகிய பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.